பொட்டலம் வாங்கும் முன் பாட்டிலில் பாருங்கள்

சாண எரிவாயுக் கலனில் கேஸ் குறைந்துவிட்டால் நம்மில் பலர் செய்வது இரண்டுதான். ஒன்று, அப்படியே விட்டுவிட்டு சிலிண்டருக்கோ விறகுக்கோ திரும்பிவிடுவது. இன்னொன்று, யாராவது கொண்டுவந்து நீட்டும் 'பாக்டீரியா பவுடர்' பொட்டலத்தை வாங்கிக் கரைத்து ஊற்றுவது. நான் இரண்டாவதைச் செய்தவன். அதுவும் ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

எங்கள் தோட்டத்தில் இருப்பது 2 கன மீட்டர் தீனபந்து கலன். மாடுகள் ஐந்து. காலையில் தொழுவம் கூட்டினால் 45, 50 கிலோ சாணி தேறும். கிலோவுக்கு 40 லிட்டர் என்று கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 2,000 லிட்டர் எரிவாயு வரவேண்டும். ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று வேளைச் சமையலுக்கு அது தாராளம். பல வருடம் அப்படித்தான் வந்தது. பிறகு ஒரு தை மாதம் அடுப்பு மதியத்தோடு நின்றது. பங்குனியில் காலைக் காப்பிக்கே இழுத்துக்கொண்டது. "குளிர் போயும் ஏறலையே" என்று வீட்டில் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

பொட்டலக்காரர் வந்தது அப்போதுதான். கிராமுக்கு இத்தனை கோடி நுண்ணுயிர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. நமக்குக் கோடி என்றால் ஒரு மயக்கம். அமிர்தக் கரைசல், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா எதைப் பேசினாலும் "கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்" என்றுதானே தொடங்குகிறோம்? ஊற்றினேன். பத்து நாள் பார்த்தேன். "டோஸ் பத்தலை" என்றார். மறுபடி ஊற்றினேன். அடுப்பு அசையவில்லை.

இந்தக் கட்டுரை அந்த வியாபாரியைத் திட்டுவதற்கு அல்ல. என் மீதே எனக்கு ஒரு கேள்வி. மண்புழு உரம் வாங்கினால் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். விதை வாங்கினால் ஈரத் துணியில் நூறு விதையை முடிந்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுகிறோம். முளைப்புத் திறன் பார்க்காமல் விதைக்கிறவனை ஊரே சிரிக்கும். ஆனால் கலனுக்குள் இருக்கிற நுண்ணுயிருக்கு முளைப்புச் சோதனை என்ன என்று நாம் யாரும் கேட்டதே இல்லை. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்காமலே மருந்து ஊற்றுகிறோம்.

எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் என் மைத்துனர். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறவர். மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்கும் ஆலைகள் சேலம் பகுதியில் பல உண்டு. அப்படி ஒரு தொட்டியைப் புதிதாகத் தொடங்கும்போது அவர்கள் விதையாகப் போடுவது என்ன தெரியுமா? நம் வீட்டுச் சாணியும், ஓடிக்கொண்டிருக்கும் கலனின் சேறும்தான். "மாமா, நாங்க சேறு வாங்கினா டேங்க்ல ஊத்தறதுக்கு முன்னாடி பாட்டில்ல போட்டுப் பார்ப்போம். செத்த சேத்தை லாரி லாரியா ஏத்தி என்ன பண்றது?" என்றார். ஆலைக்காரன் நம் சேற்றைச் சோதித்துவிட்டு வாங்குகிறான். அதே சேற்றை வைத்திருக்கிற நாம் சோதிப்பதில்லை.

அந்தச் சோதனை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கலனுக்குள் இருப்பது ஒரே வகை நுண்ணுயிர் அல்ல. ஒரு கூட்டம் நாரையும் மாவையும் உடைக்கிறது. அடுத்த கூட்டம் அதை அமிலமாக்குகிறது. கடைசிக் கூட்டம்தான் அமிலத்தைத் தின்று மீத்தேன் விடுகிறது. அதில் பெரும்பங்கு அசிட்டிக் அமிலம் வழியாகத்தான் வருகிறது. அசிட்டிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, கடையில் விற்கும் வினிகரின் புளிப்பு. முதல் கூட்டத்தார் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிறவர்கள். கடைசிக் கூட்டத்தாரில் சில வகை இரட்டிப்பாக நாள் கணக்கில் ஆகும். இவர்கள் பாக்டீரியாவே அல்ல, தனி வம்சம் என்று 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். காற்றுப் பட்டால் முடங்குகிறவர்கள். அதனால்தான் பொட்டலத்து அட்டையில் போட்டிருக்கும் கோடியை நம்ப முடியாது என்கிறேன். ஆய்வகத்தில் சாதாரணமாகத் தட்டில் வளர்த்து எண்ணும் முறையில், காற்றில் திறந்து வைத்த தட்டில், மீத்தேன் கூட்டம் வளரவே வளராது. எண்ணியது வேறு யாரையோ. ஒருவேளை உள்ளே அவர்கள் இருந்தாலும் அந்த எண்ணிக்கை அவர்களுடையது அல்ல.

தலையை எண்ணுவது ஒன்று, வேலையை அளப்பது வேறு. நூறு பேர் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தால் அறுவடை ஆகிவிட்டது என்று அர்த்தமா? ஒரு ஏக்கரை எத்தனை நேரத்தில் அறுக்கிறார்கள் என்று பார்க்கிறோம் அல்லவா, அதுபோலத்தான் இந்தப் பாட்டில் சோதனை. சேற்றுக்கு அளந்து தீனி கொடு, எத்தனை நாளில் எத்தனை கேஸ் விடுகிறது என்று பார். கழிவுநீர்த் துறையில் இதை மீத்தேன் ஆக்கும் திறன் என்று சொல்கிறார்கள். ஒரு கிராம் சேறு ஒரு நாளில் எவ்வளவு தீனியை மீத்தேனாக்குகிறது என்பதே கணக்கு. நெதர்லாந்தில் 1970களில் லெட்டிங்கா குழுவினர் மேல்நோக்கு ஓட்டத் தொட்டிகளை உருவாக்கிய காலத்திலிருந்து இப்படிப்பட்ட சோதனைகள் பரவின. நமக்கு அந்தக் கிராம் கணக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேண்டியவை: ஒரு லிட்டர் கெட்டியான பாட்டில் நான்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாய் இரண்டு, மில்லி கோடு போட்ட அளவுக் குவளை இரண்டு, வினிகர், சமையல் சோடா, சுண்ணாம்பு.

சேறு எடுப்பதில்தான் பாதிச் சோதனை இருக்கிறது. வெளித் தொட்டியில் மேலே மிதப்பதை மோந்துகொண்டு வந்தால் அது கலனின் சேறு ஆகாது. ஒரு பி.வி.சி. குழாயை வெளித் தொட்டி வழியாக ஆழமாக இறக்கி, மேல் வாயைக் கையால் அடைத்துத் தூக்கினால் அடிப்பகுதிச் சேறு வரும். இதைக் கரையில் நின்றபடி செய்யவேண்டும். தொட்டிக்குள் தலையை விடுவதோ, காலியான குழி என்று இறங்குவதோ கூடவே கூடாது. சாணக் குழியில் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். பக்கத்தில் பீடி, தீக்குச்சியும் வேண்டாம்.

எடுத்த சேற்றை நார் போக ஒரு பெரிய கண் வலையில் சட்டென்று வடித்து, இரண்டு பாட்டிலில் முக்கால் லிட்டர் வீதம் ஊற்றவும். ஆற்றிக் கொட்டி நுரைக்க வைக்கக் கூடாது. மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி மெழுகோ பசையோ வைத்து அடைக்கவும். இரண்டு நாள் அப்படியே நிழலில் விடுங்கள். வயிற்றில் மிச்சமிருக்கும் பழைய தீனி கொஞ்சம் செரித்துக்கொள்ளட்டும்.

பிறகு தீனி. கடை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம். அப்படியென்றால் 25 மில்லியில் ஒரு கிராம் அசிட்டிக் அமிலம். அதை அப்படியே ஊற்றினால் சேறு புளித்துப் போகும். ஒரு டம்ளரில் விட்டுச் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரை அடங்கும்வரை போட ஒன்றரை கிராம் அளவுக்கு ஆகும். நுரை முழுக்க அடங்கிய பிறகு முதல் பாட்டிலில் ஊற்றுங்கள். இரண்டாம் பாட்டிலில் வெறும் தண்ணீர் 25 மில்லி. இந்த இரண்டாம் பாட்டிலைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "தண்ணி ஊத்தின பாட்டில் எதுக்கு?" என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். சாணச் சேறு தீனி போடாவிட்டாலும் தன்னிடம் மிச்சமிருக்கும் நாரைத் தின்று கேஸ் விடும். அதைக் கழிக்காமல் மொத்தத்தையும் வினிகர் கணக்கில் எழுதினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு பாட்டிலின் குழாயையும் சுண்ணாம்புத் தண்ணீர் நிறைத்த இன்னொரு பாட்டிலுக்குள் விடவேண்டும். வரும் கேஸ் அந்தத் தண்ணீரைத் தள்ள, தள்ளிய தண்ணீர் குவளையில் விழும். எத்தனை மில்லி தண்ணீரோ அத்தனை மில்லி கேஸ். சுண்ணாம்பு ஏன் என்றால், கேஸில் கலந்து வரும் கரியமில வாயுவை அது பிடித்துக்கொள்ளும், மிச்சம் பெரும்பாலும் மீத்தேன். ஆய்வகத்தில் காஸ்டிக் சோடா பயன்படுத்துவார்கள். அது கையையும் கண்ணையும் பொத்துவிடும், வீட்டில் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் அளவு எடுங்கள். காலையில் ஒருநாள், உச்சி வெயிலில் ஒருநாள் என்று பார்த்தால் வெயிலுக்குக் காற்று விரிவதையும் சேர்த்துக் கேஸாக எண்ணிவிடுவீர்கள்.

ஒரு கிராம் அசிட்டிக் அமிலம் முழுக்க மீத்தேனானால் நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 400 மில்லி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். தீனி பாட்டிலில் வந்ததிலிருந்து தண்ணீர் பாட்டிலில் வந்ததைக் கழித்தால், கடைசியில் 400க்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். எத்தனை நாளில் நிற்கிறது என்பதுதான் சேற்றின் திறன். நிற்கவேண்டிய அளவுக்கு வராமல் பாதியில் நின்றால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள்.

என் சேற்றில் முதல் நாள் தீனி பாட்டில் 290 மில்லி, தண்ணீர் பாட்டில் 90. இரண்டாம் நாள் மொத்தம் 500க்கு 160. மூன்றாம் நாள் 600க்கு 220. வித்தியாசம் 200, 340, 380. நானும் மைத்துனரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் சேறு சீக்குப் பிடித்த சேறே இல்லை. போட்ட தீனியை மூன்றே நாளில் ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிட்ட, நல்ல பசியுள்ள சேறு. அப்படியென்றால் தினம் போடும் 45 கிலோ சாணி கேஸ் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆன கேஸ் எங்கே போகிறது?

கூண்டின் உச்சியில் குழாய் வெளியே வரும் இடத்தில் மண்ணை விலக்கிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். பொங்கல் பானை மாதிரி நுரைத்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடைக்க ஆன செலவு இரண்டு பொட்டலப் பவுடரின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது. மாதக்கணக்கில் வீட்டில் விறகு ஊதியது, நான் நல்ல சேற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததால்.

இந்தச் சோதனையின் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன். பாதை எங்கே பிரிகிறது என்று காட்டிவிடுகிறது. சேறு வினிகரை நன்றாகத் தின்றால் நோய் வெளியே இருக்கிறது: கசிவு, தண்ணீர் கூடிப்போன கரைசல், குறைந்த சாணி, அடியில் மணல் படிந்து சுருங்கிய கொள்ளளவு. சேறு தின்னவில்லை என்றால்தான் நோய் உள்ளே.

உள்ளே நோய் இருந்ததையும் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கலனில் கேஸ் வந்தது, ஆனால் எரியவில்லை. புளிச்ச வாடை. அவர் சேற்றைப் பாட்டிலில் போட்டபோது மூன்று நாள் கழித்துத் தீனி பாட்டில் 80 மில்லி, தண்ணீர் பாட்டில் 70. வினிகர் அப்படியே கிடக்கிறது. விசாரித்தால், அதற்கு முந்தைய மாதம் இரண்டு கலப்பினப் பசுக்களுக்கு மடிநோய் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருக்கிறார். பாலைக் கறந்து கீழே ஊற்றியவர், சாணியை மட்டும் வழக்கம்போலக் குழிக்குள் தள்ளியிருக்கிறார். அதோடு, கேஸ் குறைகிறதே என்று மீந்த சோறும் மரவள்ளித் தோலும் வேறு சேர்த்திருக்கிறார். அமிலக் கூட்டத்துக்கு விருந்து, மீத்தேன் கூட்டத்துக்குச் சுமை. இரண்டில் எது காரணம் என்று பாட்டில் சொல்லாது. வேலை நடக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். காரணத்தை நாம்தான் தொழுவத்தில் தேடவேண்டும். தீனியை ஒரு வாரம் நிறுத்தி, என் கலனிலிருந்து இருபது குடம் சேறு கொண்டுபோய் ஊற்றி, கால் பங்கு, அரைப் பங்கு என்று சாணியை ஏற்றினார். நீல நெருப்பு திரும்ப ஒன்றரை மாதம் ஆனது. இப்போது ஊசி போட்ட மாட்டுச் சாணியைத் தனியாகக் குவித்து மக்க வைக்கிறார்.

"பி.எச். தாள் வச்சுப் பார்த்தா போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் சாணக் கரைசலுக்குக் காரத்தன்மை நிறைய. அமிலம் சேரச் சேர அது தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். தாளில் 7 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அமிலம் குவிந்துகொண்டிருக்கலாம். தாள் நிறம் மாறும்போது வண்டி குடைசாய்ந்திருக்கும். மூக்கும் அப்படித்தான். எங்கள் அப்பாயி சாணக் குழியை மோந்தே சொல்லிவிடும், அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பாயி மூக்குக்கும் கெட்ட பிறகுதான் தெரிந்தது, கெடுவதற்கு முன் அல்ல.

கிராம் கணக்கு வேண்டாம் என்றேன் அல்லவா? ஆலைத் தொட்டிகளில் சேறு குருணை குருணையாக இருக்கும். அதை 550 டிகிரியில் எரித்து, எரிந்துபோன எடையைச் சேற்றின் உயிர்ப்பொருள் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அங்கே அது ஓரளவு சரி. நம் கலனில் எரிந்து போவதில் பெரும்பகுதி வைக்கோல் நார். நாரையும் நுண்ணுயிர் என்று கணக்கு வைத்தால் நம் சேறு எப்போதும் பல மடங்கு சோம்பேறியாகத்தான் தெரியும். ஆலைச் சேற்றின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிட்டுத் தாழ்வு மனப்பான்மை அடைய வேண்டியதில்லை. உங்கள் சேற்றை உங்கள் சேற்றோடே ஒப்பிடுங்கள். கலன் நன்றாக ஓடும்போது ஒருமுறை பார்த்துத் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். பிறகு சந்தேகம் வரும்போது அதுதான் உங்கள் அளவுகோல். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் எல்லோரும் வெப்பமானி தேடுகிறோம்.

முடிந்தால் முதல் தீனி தீர்ந்ததும் இன்னொரு 25 மில்லி கொடுத்துப் பாருங்கள். முதல் தடவை சேறு தடுமாறும். இரண்டாவது ஓட்டத்தில் வரும் வேகம்தான் நம்பத்தக்கது.

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். இதை அவரவர் வீட்டுத் திண்ணையில் செய்வதோடு விட்டுவிடக் கூடாது. நம் இயக்கம் கையில் எடுக்கவேண்டும்.

முதலாவது, பவுடர் விற்க வருகிறவரிடம் நம் குழுக்கள் ஒரே குரலில் கேட்கவேண்டும்: மூன்று பாட்டில் வையுங்கள். ஒன்றில் என் சேறு மட்டும், இரண்டில் என் சேறும் வினிகரும், மூன்றில் என் சேறும் வினிகரும் உங்கள் பவுடரும். மூன்றாவது இரண்டாவதை ஜெயித்தால் வாங்குகிறேன். ஒரு வாரம் பொறுக்க முடியாதவரிடம் ஏன் வாங்கவேண்டும்? மாட்டின் குடலிலேயே மீத்தேன் கூட்டம் இருக்கிறது, சாணியோடு தினமும் வந்து விழுகிறது. சாணிக் கலனுக்கு வெளியிலிருந்து விதை வேண்டும் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு விற்கிறவருடையது.

இரண்டாவது, நாட்டு விதையைப் பரிமாறிக்கொள்வது போல நல்ல சேற்றையும் பரிமாறிக்கொள்வோம். ஒவ்வொரு வட்டாரத்திலும் சோதித்துப் பார்த்த மூன்று நான்கு கலன்களை அடையாளம் வைத்துக்கொண்டால், புதிதாகக் கலன் கட்டுகிறவருக்கு விதைச் சேறு அங்கிருந்து போகலாம். காசு கிடையாது. டிரம்மில் வாய் நிறைய ஊற்றி மூடி, அன்றே கொண்டுபோய் ஊற்றினால் போதும்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. 1981-82இல் தேசியச் சாண எரிவாயுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு ஒன்றுதான்: எத்தனை கட்டினோம். கட்டியதில் எத்தனை இன்று எரிகிறது என்பது உங்கள் ஊரில் நடந்து பார்த்தாலே தெரியும். இரும்பு டிரம் துருப்பிடித்துக் கிடக்கும், அல்லது குழியில் குப்பை நிறைந்திருக்கும். கட்டும்போது மானியம் கொடுக்கிற அரசு, மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் யாராவது ஒருவரை ஒரு பாட்டிலோடு அனுப்பினால், செத்த கலன்களில் பாதியையாவது விரிசல் அடைத்தே பிழைக்க வைக்கலாம் என்பது என் எண்ணம். வேளாண் அறிவியல் நிலையங்களில் மண் பரிசோதனை செய்வது போலச் சேறு பரிசோதனையும் செய்யச் சொல்லி நாம் கேட்கவேண்டும். மண்ணுக்கு அட்டை கொடுக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

நான்காவது, எரிவாயுவைப் பற்றியதே அல்ல, நம் நிலத்தைப் பற்றியது. பெரிய பெரிய அழுத்த உயிரி எரிவாயு ஆலைகள் வருகின்றன. 2018இலிருந்து அதற்கென்றே மத்திய அரசுத் திட்டங்கள் உண்டு. அந்த ஆலைகளில் மிஞ்சும் சக்கையைப் புளிக்கவைத்த இயற்கை உரம் என்று மூட்டை கட்டி நமக்குத்தான் விற்பார்கள். டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை ஊக்கத்தொகையும் 2023இல் அறிவித்தாயிற்று. தழை, மணி, சாம்பல், ஈரப்பதம் எல்லாம் பார்ப்பார்கள். முழுக்கச் செரித்ததா என்று யார் பார்ப்பது? அரைகுறையாகச் செரித்ததில் அமிலம் மிச்சமிருக்கும். அதை நாற்றுக்கு ஊற்றினால் வேர் கருகும், வாடையடிக்கும், ஈ மொய்க்கும். வயலில் தேங்கினால் மீத்தேனாகவே மேலே போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் சூடேற்றுகிற வாயு அது. கலன் கட்டுவதே அதைப் பிடிக்கத்தானே?

பிரிட்டனில் இப்படிப்பட்ட சக்கைக்கு பி.ஏ.எஸ். 110 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. அதில், சக்கையைச் சோதனைக் கலத்தில் 28 நாள் வைத்து இன்னும் எவ்வளவு கேஸ் விடுகிறது என்று அளக்கிறார்கள். அளவுக்கு மேல் விட்டால் அது செரித்த உரம் அல்ல. நாம் மேலே பார்த்த தண்ணீர் பாட்டில்தான் அது, வேறு எதுவும் இல்லை. அந்த எண்ணை மூட்டையின் மேல் அச்சிடச் சொல்லி நாம் இப்போதே கேட்காவிட்டால், நாளை நம் நிலத்தில் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

"ஆய்வகப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று நம்மில் சிலருக்குத் தோன்றலாம். ரசாயன உரக்காரர்களும் எண்களைக் காட்டித்தானே நம்மை ஏமாற்றினார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் காட்டிய எண் அவர்களுடையது. வினிகர் பாட்டிலில் வரும் எண்ணை நாமே அளக்கிறோம். வேண்டுமானால் பேத்தியை விட்டு எழுதச் சொல்லலாம். என் வீட்டில் அவள்தான் எழுதினாள், பள்ளிக்கூட நோட்டில், ஒவ்வொரு நாளும் சரியாக ஆறு மணிக்கு. ஒருநாள் நான் தோட்டத்திலிருந்து வரத் தாமதமானபோது, "தாத்தா, இன்னிக்கு அளவு தப்பாயிடும்" என்று திட்டும் வாங்கினேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காலையில் எடுத்த சேறு ஒரு லிட்டர் கொண்டுவாருங்கள். பாட்டில் நிறைய ஊற்றி மூடியைச் சற்றே தளர்த்தி வையுங்கள், இறுக்கினால் பஸ்ஸிலேயே வெடித்து வைக்கும். எந்த ஊர், எத்தனை மாடு, கடைசியாக எந்த மாட்டுக்கு என்ன ஊசி, சாணியோடு வேறென்ன போட்டீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். வினிகரும் குழாயும் நான் கொண்டுவருகிறேன். பவுடர் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வாருங்கள், மூன்றாவது பாட்டிலில் போட்டுப் பார்த்துவிடலாம்.